நாற்பது பேர்

எங்கள் குடியிருப்புக்குப் பாலாவிச் சந்தியில் இறங்கி, கல்பிட்டி வீதியில் ஓட்டோவில் போக வேண்டும். தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்களுக்கு ஒரு முதலாளி தன் தென்னந்தோட்டத்தின் ஓரத்தைக் கொடுத்தார். முதலில் கிடுகுக் குடிசைகள். பிறகு கல் வீடுகள், இரண்டு கிணறுகள், ஒரு பள்ளிவாசல். நான் பிறந்தது கல் வீட்டுக் காலத்தில்.

கட்டட வரைபடம் வரைவது என் தொழில். ஒருமுறை எங்கள் இடத்தையும் வரைந்து, ஆள் இருக்கும் வீடு, பூட்டிய வீடு, கூரையில்லாத வீடு என்று குறித்தேன். யுத்தம் முடிந்தபின் சிலர் மன்னாருக்குத் திரும்பினார்கள், சிலர் புத்தளம் டவுனுக்குப் போனார்கள். போகிறவர்கள் கூரைத் தகரத்தையும் கதவையும் கழற்றிக்கொண்டே போவார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு அந்த ஊரிலேயே குடியிருக்கும் ஆண்கள் நாற்பது பேராவது வேண்டும் என்பது நாங்கள் பின்பற்றும் சட்டம். அதனால் ஊர் இருக்கிறதா இல்லையா என்பதை வெள்ளிக்கிழமைதான் சொல்லும். டவுனுக்குப் போனவர்கள் ஓட்டோ பிடித்து வந்து வரிசையை நிரப்பிப் பார்த்தார்கள். வெளியில் குடியிருப்பவர்கள் கணக்கில் சேரமாட்டார்கள் என்றார் மௌலவி. சந்தேகமான வாரங்களில் ஜும்ஆவுக்குப் பிறகு, மற்ற நாட்களின் நண்பகல் தொழுகையான லுஹரையும் தொழுதுவிட்டு வருவார்கள். வீடுகளில் சோறு ஆறிப்போகும்.

எனக்குப் புத்தளத்தில் வேலை கிடைத்ததும் அங்கே வாடகை வீடு பார்த்தேன். உம்மாவுக்குச் சம்மதம்; சாமான்களைப் பெட்டியில் கட்டத் தொடங்கினார். வாப்பா மட்டும், தன்னையும் சேர்த்தால்தான் நாற்பது என்றார். பள்ளியில் தொழுகைக்கு அழைத்து வாங்கு சொல்லும் பக்கத்து வீட்டு மாமாவையும் மன்னாரிலிருந்து மகன் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆகவே இருவரும் ஒருவரை ஒருவர் காவல் காத்தார்கள். மாமா கூரையில் ஏறினால், அவரை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் வாப்பா வேலியடிக்குப் போய்விடுவார்.

“என்ன காக்கா, தகரம் கழட்டுறீங்களா?”

“ஒழுகுது தம்பி. நீங்க உங்கட ஊட்டுப் பெட்டியப் பாருங்க.”

நோன்புப் பெருநாள் கழிந்து மாமா மகனிடம் போனார். தகரத்தைக் கழற்றவில்லை. சலாம் சொல்லும்போது வாப்பாவின் முகத்தைப் பார்க்கவும் இல்லை. அடுத்த வாரம் முதல் ஜும்ஆவைப் பாலாவியில் தொழும்படி மௌலவி அறிவித்தார்.

இனி வாப்பாவுக்கு இங்கே இருக்கக் காரணமில்லை என்று நினைத்து, எப்போது போகலாம் என்று மெதுவாகக் கேட்டேன்.

“ஜும்ஆவுக்குத்தான், மகள், நாப்பது பேர். வாங்கு சொல்ல ஒராள் போதும்.”

உம்மா, கட்டி வைத்திருந்த கோப்பைகளை எடுத்து அலுமாரியில் அடுக்கத் தொடங்கினார். நான் புத்தளத்து வாடகை வீட்டுக்காரரைத் தொலைபேசியில் அழைத்து, வேறு ஆள் பார்க்கச் சொன்னேன்.

இப்போது விடியுமுன் கேட்கும் சுபஹு வாங்குக்கு எழும்பித்தான் வேலைக்குப் போகிறேன். வாப்பாவின் குரல் நடுவில் கரகரக்கிறது. இருமிவிட்டுத் தொடர்கிறார்.