இரண்டு பேர் கை காட்டினால்

“...காத்து திரும்பினா அதுக்கு நான் இன்னாய்யா பண்றது? காத்துக்கு நானா சூப்பர்வைசர்?” என்று கேட்டார் எங்கள் சீஃப் இன்ஸ்ட்ரக்டர். விசாரணை முடிந்து ஷெட்டுக்கு வெளியே நின்றிருந்தோம். அவர் கேட்டதில் பாதி நியாயம். மீதிப் பாதியைத்தான் இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு எழுதுகிறேன்.

ஜமுனாமரத்தூர் பக்கம் மலைமேல் ஒரு மேட்டு மைதானத்தில் ஹெலிகாப்டர் பயிற்சி நடந்தது. நான் மார்ஷலர். மெஷினுக்கு முன்னால் நின்று சைகை காட்டுகிறவன். அந்த இரைச்சலில் பைலட்டுக்கு என் கைதான் பேச்சு.

நம் பக்கத்தில் லாரி ரிவர்ஸ் எடுத்தால் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவன்கூட எழுந்து வந்து ‘வா வா, ரைட்டு’ என்பான். லாரிக்கு அது பரவாயில்லை. சீஃப் அந்தப் பழக்கத்தை மைதானத்துக்கும் கொண்டுவந்தார். என் பக்கத்தில் நின்று அவரும் கையை ஆட்டுவார்.

“சார், கை காட்றது ஒருத்தரா இருக்கட்டும் சார்” என்று எத்தனையோ முறை சொல்லியாயிற்று.

“நான் காட்டினா கை இல்லியா, காலா?” என்பார். எல்லாரும் சிரிப்பார்கள்.

அன்று கவிதா தனியாக ஓட்டினாள். ஆலங்காயத்துப் பெண். ஏறும் முன், “ணா, கொஞ்சம் சிரிச்ச மாறி நில்லுணா. உன் மூஞ்சப் பாத்தாலே பயமாகீது” என்றாள்.

காற்று பள்ளத்திலிருந்து எதிரே வந்தது. மெஷின் ஆள் உயரம் எழும்பியது. அப்போது கம்பத்தில் காற்றின் திசை காட்டும் துணிப்பை துவண்டு, சுற்றி, எதிர்ப்பக்கம் விறைத்தது. காற்று இப்போது வாலுக்குப் பின்னாலிருந்து அடித்தது. வாலில் காற்று வாங்கினால் மெஷின் பிடியில் நிற்காது, சுழன்றுவிடும். கைகளைக் கீழே குறுக்காகப் போட்டேன்: இறக்கு. அவளும் இறக்கத் தொடங்கினாள். பக்கத்தில் சீஃப், இடுப்பில் ரேடியோ சும்மா தொங்க, “போ போ, தூக்கு” என்று கையை மேலே வீசினார்.

அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பெரியவர் கைக்குக் கட்டுப்பட்டு மறுபடி தூக்கினாள். வால் சுழன்றது. மெஷின் ஊன்றி நிற்கிற ஸ்கிட் கம்பி ஒரு பக்கம் மண்ணில் மாட்டி மெஷின் சாய்ந்தது. பிளேடுகள் தரையில் அடித்துச் சிதறின. பெல்ட்டை அறுத்து அவளை வெளியே இழுத்தோம். தோள் எலும்பு உடைந்திருந்தது.

‘பயிற்சி மாணவியின் தடுமாற்றம்’ என்று சீஃப் அறிக்கை கொடுத்தார். அந்த அறிக்கையை ஏற்றுக்கொண்டால் அவள் இனிமேல் ஓட்டவே முடியாது. ஆஸ்பத்திரியில் அவள் என்னிடம், “நாந்தான் தப்பு பண்ணிட்டனாணா?” என்று கேட்டாள். இன்றும் எனக்கு ஆத்திரம் அடங்காதது அந்த ஒரு கேள்வியால்தான்.

விசாரணையில் இரண்டு சைகைகளையும் செய்தே காட்டினேன், என்னுடையதையும் அவருடையதையும்.

“அந்தப் பொண்ணு யார் கையப் பாத்துத் தூக்கினாங்க?” என்றார் அதிகாரி.

“எங்க சார் கையப் பாத்துங்க.”

அவள் மேல் இருந்த பழி போயிற்று. சீஃப்புக்கு ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான்.

மலையில் காற்று திரும்பத்தான் செய்யும். அதற்காகத்தான் ஒருவனை முன்னால் நிறுத்துகிறோம். அவன் நிற்கும்போது மற்றவர் கை பாக்கெட்டில் இருக்க வேண்டும், அவர் யாராக இருந்தாலும்.

ஷெட்டுக்கு வெளியே சீஃப்பிடமும் இதைத்தான் சொன்னேன். உடைந்த மெஷினை ஏற்ற வந்த லாரி ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. எங்கள் ஆள் ஒருவன் டிரைவருக்குக் கை காட்டிக்கொண்டிருந்தான். சீஃப் நேராகப் போய் அவன் பக்கத்தில் நின்று, “வா வா, வரலாம் வா” என்று கையை ஆட்டத் தொடங்கினார்.