கேட்டால் கொடுக்கும் உடம்பு

குழாய்த் தொழிற்சாலையில் அவளைச் சொட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். செய்து முடித்த குழாய்களை நீளமான இரும்புப் பைப்பில் வரிசையாக மாட்டி, உள்ளே தண்ணீரை அழுத்தமாகத் திறந்துவிட்டு, மூடிய குழாயின் வாயில் கட்டைவிரலை வைத்துப் பார்ப்பது அவள் வேலை. விரல் காய்ந்திருந்தால் குழாய் பெட்டிக்குப் போகும். ஈரம் பட்டால் வந்த வழியே திரும்பிப் போகும். ஒரு தடவை பார்த்ததோடு விடுகிற ஆளில்லை அவள். மறுபடி திறப்பாள், மூடுவாள், மறுபடி விரலை வைப்பாள். மூடினது சொட்டக்கூடாது, அவள் படித்த வேதாந்தம் அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவளுக்கு உடம்பே சொட்ட ஆரம்பித்தால் சும்மா இருப்பாளா?

மகளுக்கு இரண்டு வயதானதும் பால் மறக்கடித்தாள். மார்பு கல்லாகக் கட்டி வலித்தது, பிறகு மெல்லத் தளர்ந்தது. பழைய ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று தொங்கின. இடது பக்கம் வலதைவிடச் சிறுத்துப்போனது. அதையெல்லாம் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் குளிக்கும்போது கை பட்டு வெள்ளையாக ஒரு சொட்டு வந்தது. மிச்சம் மீதி என்று கழுவிவிட்டாள். மறுநாள், நின்றுவிட்டதா என்று அழுத்திப் பார்த்தாள். வந்தது. அடுத்த பக்கத்தையும் அழுத்தினாள். அங்கும் வந்தது. அன்றிலிருந்து குளியலறைக் கதவைத் தாழிட்டதும் முதல் வேலை இந்தச் சோதனைதான். பிள்ளை பாலை மறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் அவள் விரல் காயவில்லை.

பெட்டி ஒட்டும் பிரிவில் ஒருத்தி இருந்தாள். மார்பில் கட்டி வந்ததை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தே போய்ச் சேர்ந்தாள். அவள் நினைப்பு வந்த நாளெல்லாம் சொட்டக்கா இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தாள். தானும் போய்விட்டால் இந்தப் பிள்ளைக்கு யார் தலைவாரிவிடுவார்கள் என்று துணி துவைக்கும்போது அழுதாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா, தன் நெஞ்சில் இருப்பது பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று வேறு பயம். மகள் மடியேற வந்தால், வேர்க்கிறது, தள்ளி உட்கார் என்று சொல்லிவிடுவாள். குழந்தை கொஞ்ச நாள் அடம்பிடித்துப் பார்த்துவிட்டு, பிறகு வருவதையே விட்டுவிட்டது.

கணவர் தையல்காரர். ஊரார் இடுப்பையெல்லாம் அங்குலக் கணக்கில் அறிந்த மனுஷனுக்கு வீட்டுக்காரி முகம் சுருங்கினது தெரியவில்லை. கண்டுபிடித்தது அவருடைய அக்கா. அந்த அக்கா பஸ் கண்டக்டர். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடிக்கிறவரிடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? நாத்தனார் ஒரே கேள்வியில் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, மறுநாளே லீவு போட்டு அவளை மருத்துவமனைக்கு இழுத்துப் போனார்.

டாக்டரம்மா அவசரப்படவில்லை. தானாக வருகிறதா, அழுத்தினால்தானா? ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா? ரத்தம் கலந்து வருகிறதா? மாதவிலக்கு ஒழுங்கா, தலைவலி உண்டா, பார்வை மங்குகிறதா, ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா? எல்லாம் கேட்டு, கட்டி இருக்கிறதா என்று இரண்டு மார்பையும் அக்குளையும் தடவிப் பார்த்து, ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். முடிவு வந்த அன்று நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். கெட்டது ஒன்றுமில்லை, பால் நின்ற பிறகு சிலருக்கு இப்படி மாதக்கணக்கில், வருஷக்கணக்கில்கூடக் கசியும் என்றார் டாக்டரம்மா. பிறகு கேட்டார்.

"தினமும் அழுத்திப் பாக்குறியா?"

"நின்னுடுச்சான்னு பாக்கத்தான் டாக்டர்."

"நீ பாக்குறதாலதான்மா நிக்கல. பிள்ளை வாய் எது, உன் விரல் எதுன்னு உடம்புக்குத் தெரியாது. யாரோ கேக்குறாங்கன்னு மட்டும்தான் தெரியும். கேட்டா குடுத்துடும்."

சொட்டக்கா தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள். பால் சுரந்த இடமெல்லாம் வேலை முடிந்ததும் சுருங்கி, அங்கே மறுபடி கொழுப்பு வந்து சேரும் என்றும், ஒரு பக்கம் சிறுத்தது, தளர்ந்தது எல்லாம் அந்த மாற்றத்தில் வருவதுதான் என்றும் டாக்டரம்மா சொல்லிக்கொண்டே போனார். தானாக ஒழுகினாலோ, ஒரு பக்கம் மட்டும் வந்தாலோ, ரத்தமாகவோ தெளிந்த தண்ணீராகவோ வந்தாலோ, கட்டி தட்டுப்பட்டாலோ, தோல் குழிந்தாலோ உடனே வந்துவிட வேண்டும். மற்றபடி கையை வைக்கக் கூடாது, இறுக்கமில்லாத உள்ளாடை போட வேண்டும்.

வாழ்நாளெல்லாம் கசிவைக் குற்றம் என்று நினைத்தவள் அவள். இங்கேயோ யாரும் சொல்லிக் கொடுக்காமல் ஒரு முழுத் தொழிற்சாலையே உள்ளே எழுந்து, ஓடி, இப்போது தன்னைத்தானே பிரித்து அடுக்கிக்கொண்டிருக்கிறது. சும்மா தட்டிப் பார்த்த விரலைக்கூடப் பசித்த பிள்ளை என்று நம்பி, ஒரு நாள் தவறாமல் கொடுத்திருக்கிறது. இப்படி ஒன்றைச் சுமந்துகொண்டா இத்தனை நாள் அதைப் பார்த்தே நடுங்கினோம் என்று அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

திரும்பும்போது பஸ்ஸில் யாரோ ஒருத்தியின் கைக்குழந்தை வீறிட்டு அழுதது. சொட்டக்காவின் நெஞ்சு குறுகுறுவென்று இறுகியது. அவள் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு, யாரோ பெற்ற பிள்ளைக்காக எழுந்து நின்ற தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தாள்.

"என்ன, பேயடிச்ச மாதிரி உக்காந்திருக்கே?" என்றார் நாத்தனார்.

"அந்தப் பிள்ளைக்குப் பசிக்குது அண்ணி. எனக்கு முன்னாடி இதுக்குத் தெரிஞ்சுடுச்சு."

வீட்டில் மகள் தரையில் துணித்துண்டுகளைப் பரப்பி விளையாடிக்கொண்டிருந்தாள். சொட்டக்கா உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள். குழந்தை எழுந்து வந்தது, ஒரு முழம் தள்ளி நின்றது, அம்மாவின் முகத்தைப் பார்த்தது.

"இப்ப வேர்க்கலையா அம்மா?" என்று கேட்டது.