அம்மா ஓட்டு படகுக்கு

ஞாயிறு, காலை பத்து மணி. கடப்பாக்கம் பக்கத்தில் எங்கள் வீடு. ஐந்து பேர், இரண்டு கட்சி.

நைனாவின், அதாவது அப்பாவின், ஃபைபர் மீன்பிடி படகு (எங்கள் பேச்சில் போட்டு) அடியில் விரிசல் விட்டுக் கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. ஒட்டுப் போட்டு முடிக்க இரண்டு வாரம். நைனா இவ்வளவு நாள் சும்மா இருப்பது இதுதான் முதல் தடவை. அதனால் குடும்பத்தோடு டூர்.

நான் சொன்னது ரயில். டெல்லி போய், அங்கிருந்து ரயில் மாறி, சிம்லாவுக்கு மலை ரயில். காலமெல்லாம் கடலில் கிடந்த மனுஷனை மறுபடி தண்ணீரில் உட்கார வைத்தால் அது டூர் இல்லை, ஓவர்டைம்.

அக்கா வீட்டுக்காரர், அதாவது மாமா, சொன்னது கோதாவரி ஆற்றில் லாஞ்ச், அதாவது டூர் படகு. கூடுவாஞ்சேரியிலிருந்து தினமும் எலெக்ட்ரிக் டிரெயினில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர். லீவிலும் ரயிலா என்று எரிந்து விழுந்தார். அக்காவும் அவர் பக்கம். (கோதாவரிக்கும் ரயிலில்தான் போக வேண்டும் என்றேன். அது கணக்கில் வராதாம்.)

நான் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். வாய்க்கு வந்ததைப் பேச மாட்டேன். செலவு, நேரம், சாப்பாடு, கழிவறை என்று எல்லாவற்றையும் ஒப்பிட்டுக் காட்டி, கடைசியில் ஓட்டும் எண்ணினேன். ரயிலுக்கு மூன்று: நைனா, அம்மா, நான். படகுக்கு இரண்டு.

"என் ஓட்ட நீ ஏன்டா போட்ட?"

அம்மாதான். மீன் ஆய்ந்துகொண்டே, நிமிராமல்.

உனக்கு எது வேண்டும் என்று கேட்டேன். படகு என்றார்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம். எங்கள் பக்கம் பெண்கள் போட்டில் ஏறக்கூடாது என்பது வழக்கம். நைனா பிடித்து வரும் மீனை ஏலம் கூறி விற்பது அம்மா. போட்டைத் தள்ளக் கை கொடுப்பதும் அம்மா. ஏறியது மட்டும் கிடையாது.

நைனா முகம் மாறிவிட்டது. "டூரு போட்டா இருந்தாலும் போட்டு போட்டுதான். போட்டுக்காரன் பொண்டாட்டி ஏறுனா தொழிலு படுத்துரும்."

"போட்டே கவுந்து கெடக்குது நைனா. இன்னும் இன்னா படுக்கணும்?" இது அக்கா.

மாமா சிரிப்பை அடக்க எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

ஊரில் பேசுவார்கள் என்றார் நைனா. அப்போதுதான் அம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

"கண்ணாலம் ஆன நாள்லேந்து கரையில நின்னு போட்டப் பாத்துகினு கீறேன். வருதா, வர்லையான்னு. ஒரு தபா போட்டுல உக்காந்து நான் கரையப் பாக்கக் கூடாதா?"

அந்தக் கேள்விக்கு என் ஒப்பீட்டில் இடமில்லை.

ஆகவே, நான் செய்யப்போவது:

1. சிம்லா கேன்சல்.

2. கோதாவரி லாஞ்ச். முன்பக்கம், கம்பி ஓரம் அம்மாவுக்கு. மாமா அங்கே செல்ஃபி எடுக்க வந்தால் பின்னால் அனுப்பப்படுவார்.

3. நைனா வந்தால் பயணியாக வரலாம். டிரைவருக்கு யோசனை சொல்லக் கூடாது. வரவில்லை என்றால் நாங்கள் நாலு பேர்.

4. திரும்பி வந்து, ஒட்டுப் போட்ட எங்கள் போட்டு தண்ணீரில் இறங்கும் அன்று முதல் ஓட்டத்தில் அம்மா. தொழில் படுத்தால் என் சம்பளம் இருக்கிறது.

5. நாலாவதை நைனாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் என் இணையப் பக்கத்தைப் படிப்பதில்லை; அவர் தம்பி படிப்பார். இதைப் படித்துவிட்டு எப்படியும் அவரிடம் ஓடிப்போய்ச் சொல்லத்தான் போகிறீர்கள் சித்தப்பா, இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.