ஆத்மநாதனோடு போகிறவள்

உள்ளறையிலிருந்து ஓர் ஆண் இருமினான்.

கூடத்து நாற்காலியில் அப்போதுதான் உட்கார்ந்த சொர்ணவல்லி, உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்துவிட்டாள். கையிலிருந்த சொம்புத் தண்ணீர் பாதி சேலையில் கொட்டியது.

"யாருடி உள்ள?"

"யாருமில்ல மதினி. அது கேமு" என்றாள் புவனேஸ்வரி.

"கேமு இருமுமா?"

இருமும். அதுதான் அந்த கேமின் விசேஷம். பனி கொட்டுகிற மலையில் மேல்கோட்டு இல்லாமல் ஆளை நிறுத்திவிட்டு வந்தால், அவன் முதலில் கையைத் தேய்ப்பான், பிறகு நடுங்குவான், பிறகு இருமுவான். அழைப்பு மணி விடாமல் அடித்த அவசரத்தில் புவனேஸ்வரி அவனை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். கதவைத் திறந்தால் கணவனின் அக்கா! கறம்பக்குடியிலிருந்து ஒரு போன்கூடச் செய்யாமல் வந்து நிற்கிறாள். அதுவும் நேராக இந்த வீட்டுக்கு வரவில்லை. எதிர்வீட்டு வனிதாவிடம் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் தெருவைத் தாண்டியிருக்கிறாள். வனிதா இன்னும் தன் வாசலில் நின்று இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே மறுபடியும் இருமல்.

"நல்லாத்தான் இருமுறான். சுக்கு காப்பி போட்டுக் குடுக்கலாம்ல, பாவம்?" என்றாள் சொர்ணவல்லி. பிறகு குரலைத் தாழ்த்தி, கண்ணைக் கூர்மையாக்கி, அந்தக் கேள்வியைக் கேட்டாள். "ஆத்மநாதன் உள்ளதான் இருக்கானா?"

புவனேஸ்வரி திகைத்துப் போனாள். அந்தப் பெயர் இவளுக்கு எப்படித் தெரியும்? பெற்ற மகனிடம்கூடச் சொல்லாத பெயர் ஆயிற்றே! திகைப்பில் யோசிக்காமல் வாயைத் திறந்தாள். அந்த ஒரு பதில்தான் அவளைக் கொண்டுபோய்க் குழியில் தள்ளியது.

"ஆமா மதினி, உள்ளதான் நிக்கிறான். ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

நிற்கிறது என்று சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாள். வீட்டு மாட்டையும் கன்றையும் அவன், இவன் என்று கொஞ்சியே பழகிய நாக்கு. அது ஒரு குதிரை என்பது சொர்ணவல்லிக்கு எப்படித் தெரியும்?

சொர்ணவல்லி பாய்ந்துபோய் உள்ளறைக் கதவை இழுத்துச் சாத்தி, வெளித் தாழ்ப்பாளைப் போட்டாள். முதுகைக் கதவில் முட்டுக்கொடுத்து நின்றுகொண்டாள்.

"மாட்டுனான்! இனி எங்கிட்டு ஓடுவான்னு பாக்குறேன். ஒயர் இழுக்க வந்த பயலுக்கு வீட்டுக்குள்ள என்னடி வேலை?"

அப்போதுதான் புவனேஸ்வரிக்கு விளங்கியது. நெட் கனெக்‌ஷன் சரி பார்க்க வருகிற பையன் பெயரும் ஆத்மநாதன். தெருவுக்கு ஓர் ஆத்மநாதன் இருக்கிற வட்டாரம் அது. போன வாரம் ஒயர் அறுந்தது என்று வந்தான், ஏணி போட்டான், போனான். தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"மதினி, நான் சொல்றது..."

"பேசாத! வனிதா தன் காதால கேட்டு, நேத்தே எனக்குப் போன் போட்டுச் சொல்லிட்டா. 'ஆத்மநாதா, என் தங்கம், ஏன்டா இப்படி மெலிஞ்சு போயிட்ட'ன்னு கொஞ்சுனியா இல்லையா? 'பேசாம நாம ரெண்டு பேரும் அந்த மலைக்கு அங்கிட்டுப் போயிருவோமாடா'ன்னு கேட்டியா இல்லையா? சொல்லுடி!"

கேட்டாள்தான். ஒரு சொல் மாறாமல் அப்படியேதான் கேட்டாள். அவள் வாயிலிருந்து வந்தபோது அது எவ்வளவு சுத்தமாக இருந்தது! சொர்ணவல்லியின் வாயிலிருந்து திரும்பி வரும்போது எவ்வளவு அழுக்காகி விட்டது!

யார் இந்தப் புவனேஸ்வரி? ஆவுடையார்கோவிலில், சன்னதிக்கு எதிரே தேங்காய் பழக் கடை வைத்திருந்த நாகராசுவின் கடைசி மகள். பிளஸ் டூவில் புவியியலில் பள்ளிக்கூடத்துக்கே முதல் மார்க்கு. பனிமலை, பாலைவனம், புல்வெளி என்று எல்லாவற்றையும் வரைந்து பாகம் குறித்தவள். ஒன்றையும் கண்ணால் பார்த்ததில்லை. காலேஜுக்கு விண்ணப்பம் வாங்கிவந்த வாரமே பெண் பார்க்க வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை வெற்றிசெல்வன், கத்தாரில் ஏ.சி. மெக்கானிக். "கட்டிக்கிட்டா ஒன்னையும் அங்கிட்டுக் கூட்டிட்டுப் போயிருவாருத்தா" என்று எல்லோரும் சொன்னார்கள். அதை நம்பி பாஸ்போர்ட் எடுத்தாள். அது பீரோவுக்குள்ளேயே காலாவதியானது. புதுப்பித்தாள், அதுவும் காலாவதியானது. அவன் லீவில் வருவான், லீவு முடிந்து போவான். அவள் இந்த அறந்தாங்கி வீட்டில் இருந்தபடி படுக்கையில் விழுந்த மாமியாரைக் கடைசி மூச்சுவரை பார்த்துக்கொண்டாள். மாமியாரின் மகளான சொர்ணவல்லி அப்போது வந்து நின்ற நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மகன் சூர்யபிரகாஷை ஆளாக்கிக் கோயம்புத்தூருக்குப் படிக்க அனுப்பினாள்.

அப்புறம் வீடு நிசப்தமானது. வெளியே இறங்கலாம் என்றால் தெரு விடுமா? "எங்க புவனா கெளம்பிட்ட?" மருந்துக்கடை என்றால், "யாருக்கு என்ன ஒடம்புக்கு?" பஸ் ஸ்டாண்டு என்றால், "எந்த ஊருக்கு, எப்ப திரும்புவ, தம்பிக்குத் தெரியுமா?" அன்பாகத்தான் கேட்டார்கள். அன்பாகக் கேட்டாலும் விசாரணை விசாரணைதானே?

பொங்கல் லீவில் வந்த சூர்யபிரகாஷ்தான் அந்த ஜாய்ஸ்டிக்கை அவள் கையில் கொடுத்தான். "அம்மா, நீ யாரையும் சுட வேணாம். சும்மா சுத்திப் பாரு" என்றான். லீவு முடிந்து கிளம்பும்போது கேம் பெட்டியை அவளுக்கே விட்டுவிட்டுப் போனான்.

அவள் சுற்றினாள். அமெரிக்காவின் மேற்குப் பக்கம், ரயில் அப்போதுதான் வந்த காலம். தொப்பி போட்ட ஒருவனாக அவள் குதிரையேறிப் போனாள். சேற்றில் நடந்தால் பூட்ஸில் சேறு ஒட்டியது, ஆற்றில் இறங்கினால் கரைந்தது. மளிகைக் கடைக்காரன் அவள் கேட்டதை அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்தான். மழை வந்தால் ஊர்க்காரர்கள் தாழ்வாரத்துக்கு ஓடினார்கள். முதல் முறை யாருக்கோ வணக்கம் சொல்லப் போய், பொத்தான் மாறித் துப்பாக்கியை நீட்டி, அந்த ஊரே அலறி ஓடியபோது, "ஐயையோ, மன்னிச்சுக்கங்க, மன்னிச்சுக்கங்க" என்று டி.வி.யைப் பார்த்துக் கும்பிட்டாள். மகன் எவ்வளவோ சொல்லியும் கொள்ளைக் கூட்டத்தின் பக்கமே போகவில்லை. மலை மலையாக ஏறினாள். புத்தகத்தில் பாகம் குறித்த பனிமலையின் உச்சியில், சூரியன் சாயும்போது நின்றாள். எங்கே போகிறாய் என்று அங்கே ஒருவனும் கேட்கவில்லை!

குதிரைக்குப் பெயர் வைக்கச் சொல்லி கேம் கேட்டது. ஆவுடையார்கோவில்காரி என்ன பெயர் வைப்பாள்? நரியைப் பரியாக்கிச் சாமியே குதிரைக்காரனாக ஓட்டிப்போன கதையைக் கேட்டு வளர்ந்தவள், கோவில் தூணில் கல்குதிரையின் கழுத்தைத் தடவிப் பார்த்தவள். அந்தச் சாமியின் பெயரையே, ஆத்மநாதன் என்று வைத்தாள். இதுதான் அவள் செய்த குற்றம்.

சொர்ணவல்லி போனை எடுத்து வீடியோ காலில் தம்பியை அழைத்தாள். வெள்ளிக்கிழமை, அங்கே அவனுக்கு லீவு. உடனே எடுத்தான். காத்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

"தம்பி, நான் சொன்னேன்ல? கையும் களவுமா! உள்ள வச்சுப் பூட்டியிருக்கேன்."

புவனேஸ்வரி போனின் திரையில் கணவன் முகத்தைப் பார்த்தாள். நேற்று முழுக்க அவன் அழைக்கவில்லை. வேலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள், பைத்தியக்காரி!

"ஏங்க, ஒங்களுக்கு நேத்தே தெரியுமா?"

அவன் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. "அக்கா, கதவத் தொறந்து காட்டு" என்றான்.

"நான் தொறக்க மாட்டேன்ப்பா. பாஞ்சு வந்தான்னா?"

"நான் தொறக்குறேன்" என்றாள் புவனேஸ்வரி. சொர்ணவல்லியைக் கையால் விலக்கினாள். அந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து அந்த மதினியின் மேல் அவள் கை பட்டதில்லை. தாழ்ப்பாளை நீக்கிக் கதவை அகலத் திறந்தாள்.

அறையில் யாருமில்லை. டி.வி.யில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. வெறும் சட்டையோடு ஒருத்தன் தன்னைத்தானே கட்டிக்கொண்டு நடுங்கினான், இருமினான். சற்றுத் தள்ளி ஒரு சாம்பல் நிறக் குதிரை.

சொர்ணவல்லி கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பீரோவுக்குப் பின்னாலும் பார்த்தாள். புவனேஸ்வரி ஜாய்ஸ்டிக்கை எடுத்து ஒரு பொத்தானை அமுக்கினாள். திரையில் அவன் சீட்டி அடிக்க, குதிரை பனியை உதறிக்கொண்டு வந்து நின்றது. அதன் மூக்கிலிருந்து புகை புகையாக மூச்சு வந்தது. அதன் பெயர் ஆங்கில எழுத்தில் கீழே தோன்றியது.

"இவன்தான் மதினி ஆத்மநாதன். தீனி குடுக்காம விட்டா மெலிஞ்சு போவான். அதத்தான் கேட்டேன். நல்லாப் பாத்துக்கங்க."

போனுக்குள் வெற்றிசெல்வன் எழுத்துக்கூட்டிப் படிப்பது கேட்டது. பிறகு அவன் சிரித்தான். முதலில் மெல்ல, பிறகு அடக்க முடியாமல். அவனுக்குப் பின்னால் அறைத் தோழன் ஒருவன், "என்னண்ணே, மதினி விஷயம் என்னாச்சு?" என்று கேட்க, "ஒண்ணுமில்லடா, குதிரையாம்டா, குதிரை!" என்று சொல்லிவிட்டு இன்னும் சிரித்தான். அந்த அறையே சேர்ந்து சிரித்தது.

ஆக, அந்த அறைக்கே தெரிந்திருக்கிறது. பெயர் தெரியாத ஆண்கள் எல்லோரும் அவள் மானத்தை நேற்று ராச்சாப்பாட்டோடு பிசைந்து தின்றிருக்கிறார்கள். அவளிடம் மட்டும் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அட, குதிரையா!" என்று சொர்ணவல்லியும் சிரித்தாள். "நான்கூட என்னமோன்னு நெனச்சேன். சரி, போய் காப்பியப் போடு. ஆனாலும் சாமி பேரையா ஒரு குதிரைக்கு வைப்பாக?"

புவனேஸ்வரி நகரவில்லை. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. நெஞ்சுக்குள் எரிந்த நெருப்பில் அது வற்றிப் போயிருந்தது.

"எங்கிட்ட ஏங்க கேக்கல?" என்றாள் போனைப் பார்த்து.

"அதான் ஒண்ணுமில்லன்னு ஆயிருச்சுல்ல, விடு புவனா."

"ஒங்களுக்கு ஒண்ணுமில்லன்னு ஆயிருச்சு. எனக்கு ஆகல. நீங்க அங்கிட்டு யாரு யாரோடயோ ஒரே ரூம்ல இருக்கீக. வெள்ளிக்கெழம எங்க போறீக, யாரப் பாக்குறீகன்னு நான் என்னிக்காச்சும் வேற ஆளு விட்டுக் கேட்டேனா? ஒங்க ஆத்தா பீ மூத்திரம் அள்ளுனப்ப என் மேல வராத சந்தேகம், ஜன்னல்ல ஒட்டுக்கேட்டவ சொன்னதும் வந்துருச்சா?"

சிரிப்பு நின்றது. சொர்ணவல்லிதான் பேசினாள். "அதுக்குத்தான் சொல்றேன். பொம்பள தனியா இருந்தா நாலு பேரு நாலு சொல்லத்தான் செய்வாக. இந்தப் பெட்டியக் கட்டிக் குடு, நான் எடுத்துட்டுப் போறேன். நீயும் வீட்டப் பூட்டிச் சாவியத் தந்துட்டு கறம்பக்குடிக்கு வந்துரு. எங்க கீழ் போர்ஷன் சும்மாதான கெடக்கு. தம்பி, நீ என்ன சொல்ற?"

"அக்கா சொல்றதும் சரிதான் புவனா" என்றான் அவன். "ஊர் வாய நாம மூட முடியுமா?"

"ஊர் வாய மூட வேணாம். ஒங்க காத மூடுங்க!"

சொர்ணவல்லி அதற்குள் டி.வி.க்குக் கீழே குனிந்து ஒயரைப் பிடுங்கிவிட்டாள். மலை, பனி, குதிரை எல்லாம் ஒரே நொடியில் கறுத்துப் போயின. பெட்டியைத் தூக்கப் போன கையைப் புவனேஸ்வரி பிடித்தாள்.

"வைங்க மதினி."

"கைய விடுடி."

"வைங்கன்னு சொல்றேன். இது எம் மகன் எனக்குக் குடுத்தது. இது நான் இருக்குற வீடு. சாவியும் தர மாட்டேன், கறம்பக்குடிக்கும் வர மாட்டேன். போறப்போ வனிதா வீட்டுல நின்னு, உள்ள இருந்தது குதிரைன்னு அவ காதுல விழுற மாதிரி சொல்லிட்டுப் போங்க. வர்றப்ப அங்க நுழைஞ்சு என்னையப் பத்திப் பேசிட்டு வந்தீகல்ல, அதே வாயால."

"தம்பி, கேட்டியா? என்னையே வெளிய போகச் சொல்றா!"

"புவனா, நீ கோவத்துல இருக்க. அப்புறம் பேசுவோம்" என்றான் வெற்றிசெல்வன்.

"பேசுங்க. எங்கிட்ட பேசுங்க. எம் போன்ல கூப்புட்டுப் பேசுங்க."

சொர்ணவல்லி பெட்டியைத் தொப்பென்று வைத்தாள். பையை எடுத்தாள், ஈரச் சேலையை உதறினாள், வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள். எதிர்வீட்டு ஜன்னலில் வனிதாவின் முகம் தெரிந்தது. அந்தப் பக்கம் திரும்பாமலே சொர்ணவல்லி நிலைப்படியில் நின்று சொன்னாள்:

"நான் போறேன்."

போயிட்டு வாரேன் என்றுதான் சொல்ல வேண்டும். யாராவது வாய் தவறிப் 'போறேன்' என்றால், வீட்டுக்காரி பதறிப்போய், "வாரேன்னு சொல்லுங்க" என்று திருத்த வேண்டும். அதுதான் வழக்கம். மாமியார் வீட்டு மனிதர்கள் கோபித்துக்கொண்டு கிளம்பிய எத்தனையோ தடவை புவனேஸ்வரி பின்னாலேயே ஓடிப்போய்த் திருத்தியிருக்கிறாள். அதற்காகத்தான் சொர்ணவல்லியும் திரும்பாமல் நின்றாள்.

"சரிங்க மதினி" என்றாள் புவனேஸ்வரி.

சொர்ணவல்லி படியிறங்கித் தெருவில் போகும்வரை நின்று பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தினாள்.