கடலைக்கு விட்ட தேசிக்காய்

கலியாணம் முடித்த வருஷம் வந்த நவராத்திரியில், நான் பட்டம் பெற்ற இரசாயனம் ஒரு கடலைப் பானையில் மானம் கெட்டது.

என் மனைவி கொடிகாமப் பக்கத்தவள். மணற்கிணற்றுத் தண்ணீரில் சமைத்துப் பழகியவள். எங்கள் வலிகாமத்துக் கிணறோ சுண்ணாம்புக்கல்லைக் குடைந்து வெட்டியது. தண்ணீர் கொதிக்கும் கேத்திலின் அடியில் வெள்ளைப் பொருக்கு ஏறிக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீரில் முதல்நாள் பூசைக்கு அவள் வைத்த கடலை அவியவில்லை. பக்கத்து வளவிலிருந்து வந்த என் அக்கா ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "உவளுக்குக் கடலை அவிக்கவும் தெரியேல்லை" என்று ஊருக்கே கேட்கச் சொன்னாள்.

ஒன்பதாம் நாள் பூசைக்கு இனசனம் எல்லாம் வரும். அன்றும் அவியாவிட்டால் அந்தப் பெயர் அவளுக்கு ஆயுசுக்கும் ஒட்டிவிடும். அவள் அழாத குறை. கல்லூரியில் இரசாயனம் படிப்பிக்கும் நான் சும்மா இருப்பேனா?

"இஞ்சேருங்கோ, ஒரு சிட்டிகை அப்பச்சோடா போட்டால் அவியுமாம். கிணத்தடியிலை கதைச்சவை" என்றாள்.

"கிணத்தடியிலையோ இரசாயனம் படிப்பிக்கினம்? தண்ணியிலை இருக்கிற சுண்ணாம்புதான் கடலையை இறுக்குது. கேத்தில் சுண்ணாம்பு தேசிக்காய்ப் புளிக்குக் கரையுதெல்லே? கடலையிலை மட்டும் கரையாதோ?"

"உங்களுக்குத் தெரியும்தானே" என்று விலகிக்கொண்டாள். நான் நாலு தேசிக்காயைப் பிழிந்து எலுமிச்சைச் சாற்றைப் பானைக்குள் விட்டேன்.

ஒன்பதாம் நாள் விடியத் தொடங்கி மத்தியானம் வரை எரித்தோம். கடலை நன்றாக மினுங்கியது, நசியத்தான் இல்லை. வேறு கடலை ஊறப்போட நேரமும் இல்லை.

பிழை எங்கே என்பதைப் பின்னாளில்தான் படித்தறிந்தேன். கடலைக்குள் பெக்டின் என்ற நீண்ட சங்கிலிகள் உண்டு. அவற்றில் நெடுகக் கைகள், வெறுமையாய் இருந்தால் ஒன்றையொன்று தள்ளும் கைகள். கல்சியம் இரண்டு சங்கிலிகளின் கைகளைச் சேர்த்துக் கட்டிவைக்கும். அன்று எனக்குத் தெரிந்தது அவ்வளவே. புளி விட்டால் கல்சியம் கொஞ்சம் விலகும், உண்மை. ஆனால் அந்த இடத்தில் ஐதரசன் வந்து குந்திவிடும். பிறகு சங்கிலிகள் ஒன்றையொன்று தள்ளாமல் ஒட்டிக் கிடக்கும். எரித்தாலும் லேசில் அறாது. சோடா அந்த ஐதரசனைக் கிளப்பிவிட, சங்கிலிகள் விலகி, சூட்டில் அறுந்து கரையும். கிணற்றடி சொன்னதுதான் சரி.

பூசை முடிந்து கடலை பரிமாறினோம். சபையில் பேச்சு நின்று நறுக் நறுக்கென்ற சத்தம் மட்டும் கேட்டது. பெரியப்பா ஒருவர் பல்லைத் தடவிப் பார்த்தார். அக்கா வாய் திறக்குமுன் எழும்பினேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அவளிலை பிழையில்லை. நான்தான் தேசிக்காய் விட்டனான்."

அக்காவின் கண் கலங்கிவிட்டது. "பாத்தியளே என்ரை தம்பியை! பெண்சாதியின்ரை பழியைத் தன்ரை தலையிலை போடுறான். கடலைக்கு ஆரும் தேசிக்காய் விடுவினமே? அதுவும் படிச்ச பிள்ளை!"

சத்தியம் பண்ணினேன். அதற்கும் மெச்சினார்கள்.

எல்லோரும் போனபின் குசினிக்குள் போனேன். அவள் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"இனி எனக்காகச் சமைக்கவும் வேண்டாம், கதைக்கவும் வேண்டாம்" என்றாள். "நீங்கள் நல்லவரெண்டு பேரெடுக்க எடுக்க, எனக்குத்தான் கெட்ட பேர்."