பத்து மணிக்கு இல்லாத காய்ச்சல்

அந்த ஆஸ்பத்திரியில் சோப்பக்கா வருகிறாள் என்றால் பெரிய டாக்டர்கள்கூடக் கையைப் பின்னால் மறைத்துக்கொள்வார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்த இடத்தில் நோயாளிகளுக்குப் புதிதாகக் கிருமி தொற்றாமல் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் அவள். "கை கழுவினீங்களா?" என்று தொண்டை கிழியக் கேட்டே அவளுடைய பாதி ஆயுள் போய்விட்டது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் நிர்வாகியின் அறைக்குப் போய் அவளே ஒரு யோசனை சொன்னாள். மூன்று மாதம் ஒரு தொற்றுகூட வராத வார்டுக்கு ஊக்கத்தொகை கொடுங்கள்.

காசு என்றதும் குழாயடியில் வரிசை நின்றது. சோப்பக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

தினமும் காலை பத்து மணிக்கு வார்டுகளைச் சுற்றி, உடம்பில் குழாய் போட்டவர்களுக்குக் தொற்றின் முதல் அடையாளமான காய்ச்சல் இருக்கிறதா என்று தானே பார்ப்பாள். அவள் வருவதை வைத்துக் கடிகாரத்தைச் சரிசெய்யலாம் என்பார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஆண்கள் வார்டின் தலைமை நர்ஸ் அவளுடைய கூடப்பிறந்த தங்கை. தங்கை புருஷனுக்கு வேலை போய் வருஷமாகிறது. மகனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. ஊக்கத்தொகை வந்தால்தான் பணம் கட்ட முடியும். மூன்று மாதக் கெடு முடிய ஒரே நாள்தான் பாக்கி.

அன்று, கழுத்து நரம்பில் குழாயோடு படுத்திருந்த லாரி டிரைவரின் அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தாள். காய்ச்சல் இல்லை. ஆனால் வேர்வையில் போர்வை நனைந்து கிடந்தது. நாடி தறிகெட்டு ஓடியது. கூப்பிட்டால் திரும்பாமல் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். சோப்பக்கா அவன் மனைவியிடம் விசாரித்தாள்.

"இங்க எல்லாரும் தங்கமானவங்கம்மா," என்றாள் அவன் மனைவி. "ரெண்டு நாளா ஒரே நடுக்கம். ஆனா நீங்க வர்றதுக்கு முன்னாடியே அந்தப் பெரிய நர்ஸம்மா மறக்காம மாத்திரை குடுத்துடறாங்க. நீங்க வர்றப்போ காய்ச்சல் விட்டுடுது."

சோப்பக்கா மருந்தறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"நீயா குடுத்தே?"

தங்கை மருந்துப் பெட்டிகளை அடுக்குவதை நிறுத்தவில்லை. "காய்ச்சலுக்கு மாத்திரை குடுக்கறது தப்பா?"

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"நாளையோட முடியுதுக்கா. நாளன்னைக்குக் காலையில நானே சொல்லிடறேன்."

"அது வரைக்கும் அவன் தாங்கலைன்னா?"

"உனக்கென்ன, புள்ளையா குட்டியா?" என்றாள் தங்கை. சொன்ன மாத்திரத்தில் அவள் முகமே செத்துவிட்டது.

சோப்பக்காவுக்கு அழ நேரமில்லை. டாக்டரிடம் பேசப் போனை எடுத்தாள். தன் மடியில் வளர்ந்த தங்கை மகனின் முகம் கண்முன் வந்து நின்றது. எண்களை அழுத்தி முடித்தாள்.

டாக்டர் வருவதற்குள் டிரைவரின் ரத்த அழுத்தம் விழத் தொடங்கியது. அவன் மனைவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூப்பிடாமலே தங்கை ஓடி வந்தாள். ஒருத்தி சோதனைக்கு ரத்தம் எடுத்தாள், இன்னொருத்தி சலைன் ஏற்றினாள். டாக்டர் கழுத்துக் குழாயை உருவினார். கிருமியைக் கொல்லும் மருந்து ஏறியது. அக்காளும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அழுத்தம் ஒரு நிலைக்கு வர மாலையாகிவிட்டது.

"நாளைக்குன்னு விட்டிருந்தா கதை முடிஞ்சிருக்கும்," என்றார் டாக்டர், பொதுவாக.

சோதனையில் கிருமி இருந்தது. ஊக்கத்தொகை போயிற்று. ஆண்கள் வார்டில் யாரும் சோப்பக்காவுக்கு முகம்கொடுத்துப் பேசவில்லை. கேன்டீனில் அவள் உட்கார்ந்தால் மேசை காலியாகும். தங்கையும் அவளோடு பேசவில்லை. சோப்பக்காவுக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை, தன்மேல்தான் வந்தது. கை கழுவுவதற்குக் காசு என்று அவள் நினைத்தாள். காய்ச்சல் தெரியாமல் இருப்பதற்குக் காசு என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள். மறுபடி நிர்வாகியிடம் போய், தொற்றை உடனே கண்டுபிடித்துச் சொல்கிற வார்டுக்கும் பணம் கொடுங்கள் என்றாள். பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா.

டிரைவர் வீட்டுக்குப் புறப்பட்ட அன்று அவன் மனைவி தங்கையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க வேளை தவறாம குடுத்த மாத்திரைதான் இவரைக் காப்பாத்துச்சு."

தங்கை அக்காவைப் பார்த்தாள். சோப்பக்கா டிரைவரின் பையை எடுத்து அவன் மனைவியிடம் நீட்டினாள்.

அவர்கள் போனதும் தங்கை காலிக் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். அழுது ஓய்ந்த பிறகு, எத்தனையோ நாள் கழித்து அக்காவிடம் பேசினாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்குக்கா வருவே?"

"அதை மட்டும் சொல்ல மாட்டேன்," என்றாள் சோப்பக்கா.