டீ குடிக்க உட்கார்ந்தவள்

சினிமாவில் கதாநாயகன் வில்லனைத் துரத்திக்கொண்டு கண்ணாடிக் கட்டடத்து ஆபீசுக்குள் பாயும்போது வடிவு அவனைப் பார்ப்பதில்லை. அவள் கண் அந்த ஆபீசின் மூலைக்குப் போய்விடும். "பாரு, வந்துட்டா!" என்று பக்கத்தில் இருப்பவளின் தொடையில் தட்டுவாள். தட்டில் டீயோடு கறுத்த பெண் ஒருத்தி வருவாள், வைப்பாள், போவாள். "அம்மாம் பெரிய கம்பெனியில நம்ம கலருல ஒருத்திதான். அவளும் டீ கொடுத்துக்கினு இருக்குறா."

காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் வடிவுக்குப் புடவை மடிக்கிற வேலை. எந்த முந்தானை உள்பக்கம் திரும்பிக் கிடந்தாலும் அவள் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் முன்பின் தெரியாத பெண்ணின் முந்தானையைத் திருப்பிவிட்டுத் திட்டு வாங்கியிருக்கிறாள். புடவையைத் தோளில் போட்டுக் காட்டுவது மட்டும் தீபிகாவின் வேலை. தீபிகா நல்ல சிவப்பு. "அவ மேல போட்டா விக்குதும்மா," என்பார் மேற்பார்வை பார்க்கும் சிவபாலன், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு.

போன வருஷம் வாலாஜாபாத் பக்கம் ஒரு கம்பெனிக் கட்டடத்தில் சினிமா எடுத்தார்கள். கதையில் கம்பெனிக்குள்ளேயே கொலை. மீட்டிங் மேஜையைச் சுற்றி இருப்பவர்களில் ஒருவர்தான் செய்திருக்கிறார். முதலாளியம்மாவாக நடித்தவருக்குப் பட்டுப்புடவை கட்டிவிடக் கடையிலிருந்து வடிவு போனாள். கட்டி முடித்ததும் உதவி இயக்குநர் ஒருவர் டீத்தட்டை நீட்டினார்.

"அக்கா, சும்மா இதைக் கொண்டாந்து வெச்சிட்டுப் போங்க. உங்களுக்கு நேச்சுரலா இருக்கும்."

வடிவு கையை நீட்டவில்லை. "எல்லாப் படத்துலயும் நான்தாம்பா கொண்டாறேன். உங்க கம்பெனியிலயாவது உக்காந்து குடிக்கிறேனே?"

அது இயக்குநரின் காதில் விழுந்துவிட்டது. சிரித்தார். மேஜையோரம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. கடையிலிருந்து கொண்டுபோயிருந்த அரக்கு நிறப் பட்டைக் கட்டிக்கொண்டு வடிவு போர்டு மெம்பர் ஆனாள்.

முதல் டேக்கிலேயே வினை. "நம்மில் ஒருவர்தான் கொலையாளி" என்று முதலாளியம்மா எழுந்த வேகத்தில் முந்தானை திரும்பிக்கொண்டது. வடிவு எட்டிச் சரிசெய்துவிட்டாள்.

"கட்! முதலாளி தோளைத் தொடுற மெம்பர் எங்கம்மா இருக்காங்க? இன்னொரு தடவை கை நீண்டுச்சுன்னா நாற்காலியை எடுத்துடுவேன்."

அடுத்த டேக்கிலும் பாழாய்ப்போன முந்தானை திரும்பியது. வடிவு இரண்டு கைகளாலும் டீக் கப்பை இறுக்கிப் பிடித்து, கண்ணைக் கப்புக்குள்ளேயே வைத்துக்கொண்டு மெல்ல உறிஞ்சினாள்.

கடையில் யாரும் நம்பவில்லை. "அக்கா, நீ டீதான் கொடுத்திருப்ப. எங்ககிட்ட பீலா வுடுற," என்றாள் தீபிகா.

"நீ பாத்துக்கினே இருடி."

சொல்லிவிட்டாளே தவிர, அந்த இடத்தை வெட்டிவிட்டிருப்பார்களோ என்று படம் வரும்வரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

படம் வந்தது. கடையே திரண்டு போனது. மேஜையைச் சுற்றி எல்லா முகமும் வெளிறிப்போயிருக்க, வடிவு மட்டும் டீ குடித்துக்கொண்டிருந்தாள். பின் வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்: "டேய், அந்தம்மாதான்டா கொலகாரி! எவ்ளோ கூலா டீ அடிக்குது பாரு!" விசில் பறந்தது.

உண்மையான கொலைகாரன் யாரென்று வடிவுக்கு இன்றுவரை தெரியாது. அதற்கப்புறம் அவள் திரையைப் பார்க்கவில்லை. வாயைப் பிளந்துகொண்டிருந்த தீபிகாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கல்யாணப் புடவை எடுக்கச் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மயில்கழுத்து நிறம் ஒன்று பிடித்துப்போனது. "யாராவது போட்டுக் காட்டுங்களேன்," என்றார்கள். சிவபாலன் வழக்கம்போல "தீபிகா!" என்று குரல் கொடுத்தார்.

தீபிகா வருவதற்குள் வடிவு முந்தானையை உதறித் தன் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணாடிப் பக்கம் திரும்பி நின்றாள்.